ரம்மியில் நால்வருக்கும் சீட்டு சேராதது ஏன்?

ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தீபாவளிக்கு வந்த உறவினர்களிடம் ரம்மி கற்றுக்கொண்டேன். நான்கு பேராக ஆடினோம். ஆட்டத்துக்கு ஆட்டம் யாருக்குமே சீட்டு சேரவில்லை. இடம் மாறி உட்காரச் சொன்னார் மாமா. மாறியும் பார்த்தோம். இதற்கு அறிவியல் காரணம் ஏதும் உண்டா?"

உண்டு. ஆனால் அது நாற்காலியில் இல்லை, சீட்டைக் கலைத்த கையில் இருக்கிறது.

முதலில் விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இரண்டு கட்டுச் சீட்டு, ஆளுக்கு 13. ஒன்றை எடுத்து ஒன்றைக் கீழே விட வேண்டும். ஒரே இனத்தில் வரிசையாக மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது ரம்மி. ஆர்ட்டின் 5, 6, 7 போல. ஒரே எண் வெவ்வேறு இனங்களில் சேர்ந்தால் செட். குறைந்தது இரண்டு ரம்மி வேண்டும், அதில் ஒன்று ஜோக்கர் கலக்காத ஒரிஜினலாக இருக்க வேண்டும். மீதிச் சீட்டுகளும் ரம்மியாகவோ செட்டாகவோ அமைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

ரம்மி என்பது சீட்டுகளை ஒழுங்குபடுத்தும் ஆட்டம். ஆட்டம் முடியும்போது நால்வர் கையிலும் 5, 6, 7 பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மூன்று ராஜாக்கள் ஒன்றாக இருப்பார்கள். அப்படியே மேசையில் வைக்கிறோம், அப்படியே வாரிக் கட்டில் சேர்க்கிறோம். அடுத்த ஆட்டத்துக்கான கட்டு பாதி அடுக்கப்பட்ட நிலையிலேயே கலைப்பவர் கைக்கு வருகிறது. அவர் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பங்கிடத் தொடங்குகிறார்.

இப்போது ஆர்ட்டின் 5, 6 இரண்டும் கட்டில் அடுத்தடுத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சுற்றிப் போடும்போது 5 உங்களுக்கு வந்தால் 6 பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். இரண்டும் ஒரே கைக்கு வரும் வாய்ப்பு பூஜ்யம். கலையாமல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு ரம்மியையும் பங்கீடே பிரித்து நால்வருக்கும் ஒன்றொன்றாகக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் நால்வரும் ஒரே நேரத்தில் அலுத்துக்கொள்கிறார்கள்.

கட்டை இரு பாதியாக வெட்டி, கட்டைவிரல்களால் சரசரவென்று விட்டு, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் விழும் சீட்டு இடப்பக்கத்திலிருந்தா வலப்பக்கத்திலிருந்தா என்பது ஏறத்தாழ நாணயம் சுண்டுவது போலத்தான். இடப்பக்கத்திலிருந்து 5 விழுந்துவிட்டது. உடனே 6 விழ வாய்ப்பு பாதி. நடுவில் வலப்பக்கச் சீட்டு ஒன்று மட்டும் நுழைய வாய்ப்பு கால், இரண்டு நுழைய அரைக்கால், மூன்று நுழைய 16இல் ஒன்று. நாலு பேர் ஆட்டத்தில் 5, 6 இரண்டும் உங்களுக்கே வர வேண்டுமென்றால் நடுவில் சரியாக மூன்று சீட்டு இருக்க வேண்டும், அல்லது ஏழு, அல்லது பதினொன்று. இந்த வாய்ப்புகளைக் கூட்டினால் 15இல் ஒன்று, அதாவது ஏறத்தாழ 7 விழுக்காடு.

இன்னொரு முறை கலைத்தால் அந்த இடைவெளிக்குள்ளும் புதுச் சீட்டுகள் நுழைகின்றன. கணக்கு 15 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. மூன்றாவது முறைக்கு 20. முழுக்கக் கலைந்த கட்டில் இது 24ஐ ஒட்டி இருக்கும். ஆக, அரைகுறையாகக் கலைத்த கட்டு சும்மா தற்செயலாக வருவதைவிட மோசமான சீட்டுகளைத் தருகிறது, அதுவும் எல்லோருக்கும் சேர்த்து! பள்ளிக்கூட விகிதக் கணக்கே போதும், இத்தனை அழகான விடை கிடைக்கிறது. எனக்கு இதில் இருக்கும் மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

எத்தனை முறை கலைத்தால் போதும்? 1992இல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் இதற்கு விடை கண்டார்கள். 52 சீட்டுக் கட்டுக்கு ஏழு முறை. முதல் நான்கு முறையில் கட்டின் மொத்த ஒழுங்கு குலைந்ததாகவே கணக்கில் தெரியாது. ஐந்தாவதிலிருந்து சட்டென்று இறங்கும். ஏழுக்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் மிச்சம் ஏறத்தாழ பாதியாகும். சீட்டு இரட்டிப்பானால் ஒன்றரை முறை கூடுதலாகத் தேவை. எனவே ரம்மியின் இரண்டு கட்டுக்கு எட்டு அல்லது ஒன்பது.

டயகோனிஸ் 14 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி மாய வித்தைக்காரரோடு ஊர் சுற்றியவர், பிறகு ஸ்டான்ஃபர்டில் பேராசிரியர் ஆனார். சீட்டுக் கலைப்பதை ஆராயவா நிதி கொடுப்பது என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இயற்பியலிலும் புள்ளியியலிலும் கணினியை வைத்துச் செய்யும் தற்செயல் மாதிரிக் கணக்கீடுகள் எவ்வளவு நேரம் ஓடினால் நம்பலாம் என்ற கேள்விக்கும் இதே கணிதம்தான் உதவுகிறது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பயனை எழுதச் சொன்னால் இப்படிப்பட்ட வேலை பிறக்கவே பிறக்காது என்பது என் உறுதியான கருத்து.

நம் வீடுகளில் நான் பார்த்தவரை, கட்டை ஒரு கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக மறு கைக்குத் தள்ளும் முறைதான் அதிகம். அது மிக மோசம். கொத்துக்குள் இருக்கும் சீட்டுகள் பிரிவதே இல்லை. ஒரு கட்டு நன்றாகக் கலைய ஆயிரக்கணக்கான முறை தள்ள வேண்டியிருக்கும். கோத்துக் கலைக்க விரல் பழகவில்லையா? எல்லாச் சீட்டையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நன்றாக அளைந்து கூட்டுங்கள். சிறுபிள்ளை விளையாட்டு போலத் தெரிந்தாலும் சிறந்த வழி அது.

மாமாவிடம் கோபப்பட வேண்டாம். இடம் மாற எழுந்து உட்கார்ந்த இடைவெளியில் யாராவது கூடுதலாக நாலு முறை கலைத்திருந்தால், அடுத்த ஆட்டத்தில் சீட்டு நிஜமாகவே கொஞ்சம் நன்றாக வந்திருக்கும். பாராட்டு மட்டும் நாற்காலிக்குப் போயிருக்கும். ராசி என்ற நம்பிக்கை வளர்வது இப்படித்தான்.

அப்புறம், அதே வாசகி இன்னொன்றும் கேட்டிருந்தார்: ஒவ்வொன்றாகப் போடாமல் மூன்று மூன்றாகப் போட்டால் என்ன? கலையாத கட்டில் அப்படிப் போட்டால் 5, 6, 7 மூன்றும் மொத்தமாக ஒரே ஆளுக்குப் போய்விடலாம். அவருக்கு உட்கார்ந்த உடனேயே ஒரிஜினல் ரம்மி! ஒவ்வொன்றாகப் போடுவதில் சலிப்பு நால்வருக்கும் சமம். மூன்று மூன்றாகப் போட்டால் ஒருவருக்கு யோகம், மற்ற மூவருக்கும் தகராறு.