அறுநூறு என்றால் எவ்வளவு தூரம்?

தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை மா, குழி என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பது டெல்டாக் கணக்கு. ஆனால் அளவுகோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியதால், வெளியூர்ப் பத்திரத்தில் ‘குழி’ என்றிருந்தால், அங்கே குழிக்கு எத்தனை அடி என்று கேட்காமல் விலை பேச முடியாது.

அச்சுப்பொறிக்கு வரும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் இன்டர்பிரெட்டரும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஹெச்பி நிறுவனத்தின் பிசிஎல் மொழியில் ‘கிடையாக 600-க்குப் போ’ என்று கட்டளை வரும். 600 என்ன என்று அதில் இராது. அங்குலத்துக்கு எத்தனை அலகு என்பதை வேறொரு கட்டளை முன்பே சொல்லியிருக்கும். சொல்லாவிட்டால் 300 என்று கொள்ள வேண்டும். அப்போது 600 என்பது 2 அங்குலம். அலகை 600 ஆக்கினால் அதே எண் 1 அங்குலம்தான்.

சிக்கல், பக்கத்தின் நடுவில் அலகு மாறும்போது வருகிறது. கும்பகோணத்து நெல் மண்டி ஒன்றின் ரசீதை நான் எழுதிய இன்டர்பிரெட்டரில் ஓட்டிப் பார்த்தபோது, தொகை எடைக் கட்டத்தின் மேலேயே ஏறி விழுந்தது. 300 அலகில் 600-க்குப் போய், அலகை 600 ஆக்கி, அங்கிருந்து ‘+300’ நகரச் சொல்லியிருந்தது ரசீது. கூட்டல் குறி இருந்தால் நின்ற இடத்திலிருந்து நகர வேண்டும் என்று பொருள். நான் நின்ற இடத்தை 600 என்று அப்படியே வைத்திருந்ததால், 900-ஐப் புதிய அலகில் படித்து 1.5 அங்குலத்தில் போய் நின்றது. சரியான இடம் 2.5 அங்குலம்.

வந்த எண்ணை அந்தக் கணமே அங்குலத்தில் 7200-ல் ஒரு பங்காக மாற்றிச் சேமிப்பதே இதற்கு வழி. பிசிஎல் தன் உள்ளளவாக வைத்திருப்பதும் அதுதான். 300 அலகில் ஓர் அலகுக்கு 7200/300, அதாவது 24 பங்கு; 600-ஐ 24-ஆல் பெருக்கினால் 14400. அலகு மாறினாலும் அந்த இடம் நகராது. பிறகு 600 அலகில் வரும் 300-ஐ 12-ஆல் (7200/600) பெருக்கி 3600 சேர்த்தால் 18000, அதாவது 2.5 அங்குலம். 7200 மிகவும் யோசித்துத் தேர்ந்த எண் என்றே எனக்குத் தோன்றுகிறது. அனுமதிக்கப்பட்ட அலகுகள் எல்லாம் அதை மீதியின்றி வகுக்கின்றன: 96-க்கு 75, 225-க்கு 32, 288-க்கு 25. அதனால் சிறு நகர்வுகள் நூறு சேர்ந்தாலும் பிசகு குவியாது. மை விழும் புள்ளியாக மாற்றும் கடைசிக் கட்டத்தில் மட்டும் முழு எண்ணாக்கினால் போதும்.

அலகுக் கட்டளையின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. அங்குலத்தில் 720-ல் ஒரு பங்கான டெசிபாயிண்டில் இடம் சொல்லும் கட்டளைகளை அது தொடாது. படங்களின் தெளிவைக் குறிக்கும் எண்ணும் தனிக் கட்டளையில் வருவது. மீட்டமைப்புக் கட்டளை வந்தவுடன் அலகு 300-க்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் மண்டி ரசீதின் அலகில் அடுத்தவரின் கடிதம் அச்சாகும்.