கன்றுக்குட்டிக்குப் போகும் மருந்துப் பால்

போன மழைக்காலத்தில் ஒரு கலப்பினப் பசுவுக்கு மடிவீக்கம். கறுப்புத் துணியில் பீச்சிப் பார்த்தால் பால் திரிதிரியாக நின்றது. “மெடிக்கல்ல வாங்கி ரெண்டு மருந்து டியூப் காம்புல ஏத்திட்டேன் டாக்டர் சார், கேக்கல” என்றார் மாட்டுக்காரர். பால் சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வளர்ந்தது ஈ.கோலி எனும் குடல் பாக்டீரியா. மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வளையம் விழும். தட்டில் வைத்த எட்டு மருந்து வில்லைகளில் ஐந்தைச் சுற்றி வளையமே விழவில்லை. வில்லையின் ஓரம் வரை கிருமி மண்டிக் கிடந்தது.

“அதுல பாதி மருந்த இந்த மாட்டுக்குப் போட்டதே இல்லியே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பல, கிருமிக்குள் பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியா அதன் நகலைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் அதே வளையத்தில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு டெட்ராசைக்ளின் ஒன்றை மட்டும் போட்டாலும், பிழைக்கும் கிருமி வளையத்தை முழுசாகத்தான் காப்பாற்றி வைக்கும். இப்படித்தான், அந்தத் தொழுவம் பார்த்தே இராத மருந்துக்கும் எதிர்ப்பு சேர்ந்துவிடுகிறது.

அது எங்கே சேர்கிறது என்பதற்கு அவர் வீட்டுத் திண்ணையிலேயே விடை இருந்தது. மருந்து ஏறியதால் சொசைட்டிக்கு ஊற்ற முடியாத பாலைக் கொட்ட மனமில்லாமல், அவருடைய வீட்டம்மா கன்றுக்குட்டிக்கு வைத்துக்கொண்டிருந்தார். “காய்ச்சித்தான் குடுக்கறேன் சார்” என்றார். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்தில் பெரும்பகுதி அப்படியே தங்கும். அந்தக் கொஞ்ச மருந்து கன்றின் குடலில் உள்ள பலவீனக் கிருமிகளை ஒதுக்கி, வளையம் வைத்திருப்பவைக்கு இடம் விடுகிறது. சாணம் எருக்குழிக்கு, எரு வயலுக்கு. அதைக் கையால் அள்ளுபவர்களும் அந்த வீட்டுக்காரர்கள்தான்.

கொலிஸ்டினை நினைத்தால் எனக்கு இன்றும் பதற்றம் வரும். மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுப்பது அது. அதையே பன்றிக்கும் கோழிக்கும் எடை கூடத் தீவனத்தில் கலந்தார்கள். 2015-இல் சீனாவில், பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலியில், கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டிலேயே இருப்பது தெரிந்தது. அடுத்த சில மாதங்களில் பல நாடுகளில் கண்டுபிடித்தார்கள். இந்தியா 2019-இல் உணவுக்கான கால்நடைகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல முடிவு, தாமதமாக வந்தது.

அந்தப் பசு, கேட்ட மூன்றில் ஒரு மருந்தில் தேறியது. அந்தக் காம்பில் மட்டும் பால் பழையபடி இல்லை.

பாலில் மருந்து வரும் காலம் முடியும்வரை அந்தப் பாலைக் கன்றுக்கு வைக்காதீர்கள். கிணற்றுக்கும் தீவனத்துக்கும் தள்ளிக் குழி வெட்டி ஊற்றுங்கள். மடி கல்லாகத் தெரிந்தால் டியூப் ஏற்றும் முன்பே சாம்பிள் எடுத்துவிடுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் நாலைந்து பீச்சலை விட்டுவிட்டு, ஆய்வகம் கொடுக்கும் பாட்டிலில் பிடித்து ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். மருந்து ஏற்றியபின் எடுத்தால் தட்டில் கிருமி வளராமலே போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.