நிரல் வாங்குமுன் இயந்திரத்தைப் பாருங்கள்

திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் இறங்கும் சூரை மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை அளப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. ஐஸ் போதாத மீனில் பக்டீரியாக்கள் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக்கிவிடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. ஐரோப்பாவுக்குப் போகும் மீனென்றால் ஒரு தொகுதிக்கு 9 மாதிரிகள், சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரைசலிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. இயந்திரத்தில் ஒரு மாதிரிக்கு 25 நிமிடம் போனால், ஏறத்தாழ 4 மணித்தியாலம் மீன் ஐஸில் காத்துக்கிடக்க வேண்டும். அதனால்தான் வேகமான நிரல் (அந்த இயந்திரத்தில் பொருட்களைப் பிரிக்கும், நுண்துணிக்கைகள் அடைத்த குழாய்) தேடினோம்.

முதலில் ஏமாந்தது நிரலின் உள்விட்டத்தில். புது நிரல் 2.1 மில்லிமீற்றர், சான்றிதழில் தட்டுகளின் எண்ணிக்கை (பிரிக்கும் திறனின் அளவு) அபாரம். எங்கள் பழைய இயந்திரத்தில் பூட்டினால் உச்சிகள் (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் மேடுகள்) பழைய நிரலில் வந்ததைவிட அகலம். நிரல் பழுது என்றே நினைத்தோம். பழுது நிரலில் இல்லை. அதே நீள 4.6 மில்லிமீற்றர் நிரலோடு பார்த்தால் இதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்குதான். குறுகலாக வெளியே வரும் உச்சி, இயந்திரத்தின் தடித்த குழாய்களிலும் டிடெக்டர் கலத்திலும் பரவிவிடுகிறது.

அடுத்தது அழுத்தம். துணிக்கை சிறுத்தால் பிரிப்பு கூடும், ஆனால் அழுத்தம் துணிக்கை விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக ஏறும். 250 மில்லிமீற்றர் நீள, 5 மைக்ரோன் நிரலுக்குப் பதில் 100 மில்லிமீற்றரில் 1.7 மைக்ரோன் போட்டால், அதே ஓட்ட வேகத்தில் அழுத்தம் மூன்றரை மடங்கு. 400 பார் பம்ப் திணறிவிடும். அதே நீளத்தில் 2.7 மைக்ரோன், திண்மக் கரு கொண்ட துணிக்கை என்றால் ஒன்றரை மடங்குக்கும் குறைவு. நடுவில் கரைசல் புகாததால் பொருள் பரவுவது குறைந்து, பிரிப்பு சிறிய துணிக்கைக்குக் கிட்ட வருகிறது. பழைய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு 4.6 மில்லிமீற்றர் விட்டத்தில் இதைத்தான் சொல்வேன். நேரமும் அசிற்றோனைத்ரைல் கரைப்பானும் ஐந்தில் இரண்டு பங்காகும்.

ஒப்பிடும்போது இரண்டு நிரலுக்கும் ஒரே கரைசல், ஒரே வெப்பநிலை வையுங்கள். திருகோணமலை வெயிலில் அறை 32 பாகைக்குப் போகும். குளிரூட்ட முடியாத நிரல் அடுப்பை 30இல் வைத்தால் காலையில் உச்சி வரும் நேரம் ஒன்று, மத்தியானம் வேறொன்று. 40 பாகையில் வையுங்கள். சான்றிதழிலுள்ள சோதனைக் கலவை போதாது, உங்கள் மீன் சாற்றையே செலுத்திப் பாருங்கள். ஹிஸ்டமின் உச்சிக்குப் பக்கத்தில் ஒட்டிநிற்கும் மற்ற அமீன் உச்சி விலகுகிறதா? விலகாவிட்டால் தட்டுகள் எத்தனை இருந்தும் அந்த நிரல் நமக்கு உதவாது.