ரியலிசம்: ‘யதார்த்தவாதம்’ வேண்டாம், மெய்யொப்பு போதும்

போன வாரம் நாலாவது முறையாகக் காதில் விழுந்தது. ‘சைலண்ட் ஹண்டர் 3’ ஆட்டத்தைத் தமிழில் விளக்கும் ஒரு காணொளி. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கில் ஓடிய ஜெர்மன் நீர்மூழ்கிகளை நாமே ஓட்டுகிற ஆட்டம் அது, 2005இல் யூபிசாஃப்ட் வெளியிட்டது. விளக்குபவருக்கு ஆட்டம் அத்துப்படி. ஆனால் ரியலிசம் செட்டிங்ஸ் பக்கம் வந்ததும், “யதார்த்தவாத அமைப்புகளை நூறு சதவீதத்தில் வையுங்கள்” என்றார்.

அந்தப் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? பேட்டரி தீருமா, டீசல் தீருமா, டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகணை) சில நேரம் வெடிக்காமல் போகுமா, கப்பலை வெளியே இருந்து பார்க்க கேமரா உண்டா, குறிபார்க்கும் கணக்கை நீங்களே போடுவீர்களா, இப்படி. ஒவ்வொன்றாக டிக் போடப் போட சதவீதம் ஏறும், ஆட்டம் அசலை நெருங்கும். 1940இல் நார்வே பக்கம் போன ஜெர்மன் நீர்மூழ்கிகளின் டார்பிடோக்கள் நிஜமாகவே சொதப்பின. அதனால்தான் வெடிக்காத டார்பிடோவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லத்தீனில் ‘ரேஸ்’ என்றால் பொருள், வஸ்து. அதன் வழியில் வந்தவை ரியல், ரியலிசம். யதார்த்தம் வடமொழி: யதா, அர்த்தம், பொருள் எப்படியோ அப்படி. இரண்டும் ஏறக்குறைய பங்காளிகள்தான். ஆக, என் சண்டை முதலில் யதார்த்தத்தோடு இல்லை, வாலாக ஒட்டியிருக்கும் ‘வாதத்தோடு’.

தமிழில் வாதம் சேர்ந்தால் அது கொள்கை. பகுத்தறிவுவாதம், பிரிவினைவாதம். இலக்கியத்தில் யதார்த்தவாதம் என்கிறார்களே, அது சரி. வாழ்க்கையை இப்படித்தான் எழுத வேண்டும் என்று சிலர் ஒரு பக்கம் நின்று வாதாடினார்கள், பெயர் பொருந்துகிறது. டீசல் தீர்ந்து நடுக்கடலில் நிற்பதில் என்ன கொள்கை? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். வாதம் என்றால் நம் வீடுகளில் கைகால் பிடிப்பும்கூட. வாரக்கணக்கில் ஈரத்தில் கிடந்த அந்த மாலுமிகளுக்கு அது வந்திருந்தால் ஆச்சரியமில்லை, மெனுவில் எதற்கு?

சரி, வாலை வெட்டி ‘யதார்த்தம் 100%’ என்று வைத்தால்? அப்புறம் பேச்சுவழக்கு குறுக்கே வரும். “யதார்த்தமா சொன்னேன், தப்பா எடுத்துக்காதே” என்கிறோம். அங்கே அது உள்நோக்கமில்லாமல் என்ற பொருளில் வருகிறது. நூறு சதவீதம் யதார்த்தமான நீர்மூழ்கி என்றால் சூதுவாது தெரியாத நீர்மூழ்கி! ‘உண்மைத்தன்மை’ இன்னும் மோசம். அது வேலையில் சேரும்போது சான்றிதழுக்குக் கேட்பது. ‘மெய்நிகர்’ அழகான சொல், நிகர் என்றாலும் ஒப்பு என்றாலும் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வர்ச்சுவலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. இனி எழுப்ப முடியாது.

நான் சொல்வது மெய்யொப்பு. நூறு சதவீதம் வைத்தாலும் நீங்கள் நாற்காலியில்தான் இருக்கிறீர்கள். அது மெய் இல்லை, மெய்க்கு ஒப்பு. இதைப் புரிந்துகொள்ள பெரிஸ்கோப்பைப் பார்த்தால் போதும். அதே பக்கத்தில், பார்வை ஆடாமல் பிடித்துவைக்கும் வசதியை நீக்க ஒரு டிக் உண்டு. போட்டால் கடல் ஆடுகிறபடி பைனாகுலரும் பெரிஸ்கோப்பும் ஆடும். பெரிஸ்கோப்பில் 1.5 மடங்கு, 6 மடங்கு என இரண்டு உருப்பெருக்கம். 6 மடங்கில் கொஞ்சம் ஆடினாலும் எதிரிக் கப்பல் வட்டத்தைவிட்டு ஓடிவிடும். தூரம் கணிக்க அதன் மாஸ்ட் (மேலே நிற்கும் கம்பம்) உச்சியையும் நீர்மட்டத்தையும் பொருத்தி, இடையே உள்ள கோணத்தை அளக்க வேண்டும். 30 மீட்டர் மாஸ்ட் 2,000 மீட்டர் தள்ளி ஒரு டிகிரிகூட வராது. அலை நடுவில் வந்து நீர்மட்டக் கோட்டை மறைத்தால் கணக்கு போச்சு.

இங்கேதான் தகராறு. ஆடுவதுதான் அசல் என்கிறது மெனு. ஆனால் 67 மீட்டர் நீளம், மூழ்கிய நிலையில் 870 டன் உள்ள வகை 7சி நீர்மூழ்கி, பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் தோணி மாதிரி குலுங்குமா? கொந்தளிப்பில் ஆடும், பெரிஸ்கோப்பின் தலை அலைக்குள் முங்கும், படகே மேலே இழுபடும். அமைதியான நாளில் அப்படி இல்லை. அதுவும் அன்று பெரிஸ்கோப்பில் பார்த்த நிஜத் தளபதியின் உடலும் கப்பலோடு சேர்ந்து ஆடியது, நம் உடல் ஆடுவதில்லை. திரை மட்டும் ஆடினால் அது அவர் கண்டதற்கு ஒப்பா, இல்லையா? ‘எவ்வளவு ஒப்பு’ என்று கேட்கலாம். ‘எவ்வளவு வாதம்’ என்று கேட்க முடியுமா?

ஆங்கிலத்தில் ‘நோ ஸ்டெபிலைஸ் வியூ’ என்றிருக்கும் அந்த டிக்குக்கும் ஒரு தமிழாக்கம் வந்தது: “உறுதிப்படுத்தல் பார்வை இல்லை.” உறுதிப்படுத்து என்பது வங்கிச் செயலி ஓடிபி கேட்கும்போது சொல்வது. ஸ்டெபிலைஸ் என்றதும் கை தானாக அங்கே போய்விடுகிறது. நடுவில் ‘இல்லை’ வேறு. டிக் போட்டால் இருக்குமா இருக்காதா? ‘பார்வை ஆடும்’ என்று எழுதினால் தீர்ந்தது. டிக் போட்டால் ஆடும், எடுத்தால் ஆடாது. கட்டுமரத்தில் ஒரு தடவை ஏறினவருக்கும் புரியும்.

பெரிஸ்கோப்பை மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்கலாம். கிரேக்கத்தில் பெரி என்றால் சுற்றி, ஸ்கோபெயின் என்றால் நோக்கு. சூழ்நோக்கி என்று ஒரே நிமிடத்தில் ஆக்கலாம். ஆனால் பள்ளியில் அட்டைப்பெட்டியும் இரண்டு கண்ணாடித் துண்டும் வைத்து அதைச் செய்தபோதே அது நமக்கு பெரிஸ்கோப் ஆகிவிட்டது.