போகும்போது 6 மணி நேரம், திரும்பும்போது 11

கிரேக்கத்தில் ஒரு வாரத்துக்குப் பாய்ப்படகை வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களின் கண் முதலில் போவது சாண்டோரினி தீவின் மீதுதான். ஏதென்ஸின் அலிமோஸ் துறையில் சனிக்கிழமை மாலை 40 அடிப் படகைக் கையில் வாங்கினால், அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதே துறைக்கு வந்து சேர வேண்டும். வரைபடத்தில் சாண்டோரினி ஏறக்குறைய 120 கடல் மைல் தெற்கே இருக்கிறது. ஆறு நாளில் போய்விட்டு வர முடியாதா என்று தோன்றும். போகலாம், அதில் பெரிய கஷ்டம் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் திரும்பி வருவதுதான் பாடு. அது ஏன் என்று பார்த்தால், பாய்ப்படகு ஓடும் விதமே புரிந்துவிடும்.

முதலில் வேகம். படகு நீரைப் பிளந்து போகும்போது தன் அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளமாகிறது. ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகு நீரில் படிந்திருக்கும் நீளமும் ஒன்றாகிவிடும்: முன்பக்கம் ஒரு முகட்டில், பின்பக்கம் அடுத்த முகட்டில். அதைத் தாண்டி வேகமாகப் போக நினைத்தால் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கிவிடும். தான் எழுப்பிய அலை மீதே படகு ஏற வேண்டிவரும். வில்லியம் ஃப்ரூட் 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கீ ஊரில் நீர்த்தொட்டி கட்டி, சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து ஆராய்ந்தது இந்த அலைத்தடையைத்தான்.

40 அடிப் படகு நீரில் படியும் நீளம் சுமார் 11 மீட்டர். அந்த நீளமுள்ள அலை ஓடும் வேகம் நொடிக்கு 4.1 மீட்டர், அதாவது 8 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர். ஆகவே 8 நாட் என்பது கிட்டத்தட்ட உச்சவரம்பு. இன்னும் பெரிய எஞ்சின் வைத்தாலும் படகு தன் பள்ளத்தை ஆழமாகத் தோண்டுமே ஒழிய அவ்வளவாக முன்னேறாது. நாள் முழுக்க ஓடும்போது சராசரியாக 5 அல்லது 6 நாட் கிடைத்தால் நல்ல ஓட்டம். விடுமுறைத் திட்டம் போட இந்த எண்ணைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் காற்று. கோடையில், சாண்டோரினி இருக்கும் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். வானம் துடைத்துவிட்டது போல் நீலமாக இருக்கும், காற்று மட்டும் 20, 30 நாட் வேகத்தில் சில நாட்கள் விடாமல் அடிக்கும். பால்கன் பகுதியில் காற்றழுத்தம் அதிகம், துருக்கிப் பக்கம் குறைவு. இரண்டுக்கும் நடுவே உள்ள கடல் வழியாகக் காற்று தெற்கே பாய்கிறது. துருக்கியின் அந்தத் தாழ்வழுத்தம் தனியாக வந்ததல்ல. கோடையில் இந்தியாவின் வடமேற்கிலும் பாகிஸ்தானிலும் நிலம் சுட்டெரிந்து உருவாகும் தாழ்வழுத்தம் மேற்கே ஈரான் வழியாக அங்கே வரை நீள்கிறது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையை இழுத்துவரும் அதே அமைப்பு, ஏஜியனில் படகுக்காரர்களைத் துறையில் கட்டிப்போடுவதிலும் பங்கு வகிக்கிறது. இதை அறிந்த பிறகு என்னால் வானிலை வரைபடத்தைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

போகும் வழியில் வரும் பாரோஸ் தீவின் தென்கரையிலிருந்து சாண்டோரினியின் வடமுனை சுமார் 35 கடல் மைல், கிட்டத்தட்ட நேர் தெற்கே. காற்று முதுகில் இருப்பதால் 6 நாட் வேகத்தில் 6 மணி நேரத்துக்குள் போய்விடலாம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும்.

எதிர்க்காற்றில் பாய்ப்படகு ஓடுவது எப்படி? பாய் வெறுமனே காற்றைத் தடுக்கும் துணி அல்ல. அதன் வளைவு காற்றின் பாதையைத் திருப்புகிறது. திருப்பப்பட்ட காற்று பாயை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் பெரும்பகுதி பக்கவாட்டில், கொஞ்சம்தான் முன்னோக்கி. அடியில் கீல் இல்லையென்றால் படகு பக்கவாட்டிலேயே நகர்ந்துபோகும். 2 மீட்டர் ஆழம் வரை இறங்கும் இந்த இரும்புத் தகடு 2 டன்னுக்கு மேல் எடையுள்ளது. படகு சில டிகிரி பக்கமாக நழுவும்போது நீர் கீலைச் சாய்வாகச் சந்திக்கிறது, அதுவும் எதிர்த்துத் தள்ளுகிறது. பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்ட, முன்னோக்கிய பங்கு மட்டும் மிஞ்சுகிறது. பழுத்த வேப்பம்பழத்தை இரு விரலால் நசுக்கினால் கொட்டை முன்னே பாய்வது போலத்தான். படகு சாயும்போது அதை நிமிர்த்த இழுப்பதும் இதே கீலின் எடைதான்.

ஆனால் காற்று வரும் திசைக்கு 45 டிகிரிக்கும் நெருக்கமாகப் போனால் பாய் படபடக்கத் தொடங்கிவிடும். ஆகவே இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்துதான் ஏற வேண்டும். நழுவலையும் அலையையும் சேர்த்தால் நடைமுறையில் 50 டிகிரி. அப்போது 35 கடல் மைல், 54 கடல் மைலாக நீள்கிறது. 5 நாட்டில் 11 மணி நேரம்.

நேரம் மட்டும் மாறுவதில்லை, படகில் இருப்பவர்களின் அனுபவமும் மாறுகிறது. 20 நாட் காற்றை முதுகில் வாங்கி 6 நாட்டில் ஓடினால், மேல்தளத்தில் உணரும் காற்று 14 நாட்தான். அதே காற்றை எதிர்த்து 45 டிகிரியில் அதே வேகத்தில் போனால் உணர்வது 24 நாட்டுக்கு மேல். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால், பாய் தாங்க வேண்டியது மூன்று மடங்காகிறது. போகும்போது சட்டையில்லாமல் வெயில் காய்ந்தவர்கள், வரும்போது பாயைச் சுருக்கிவிட்டு, உப்புத்தண்ணீர் முகத்தில் அடிக்க, ஒரு பக்கம் சாய்ந்த தரையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, எஞ்சினைப் போட்டுவிட்டால்? ஏஜியன் அலைகள் குட்டையானவை, செங்குத்தானவை. அணியம் ஒன்றிலிருந்து விழுந்து அடுத்ததில் மோதும். அந்த அடியில் வேகம் 3, 4 நாட்டுக்கு இறங்கிவிடும்.

சாண்டோரினியில் தங்குவதும் எளிதல்ல. நங்கூரம் தன் எடையால் மட்டும் படகை நிறுத்துவதில்லை. சங்கிலி தரையோடு கிடந்து கிடைமட்டமாக இழுத்தால்தான் அது மண்ணுக்குள் புதைந்து பிடிக்கும். அதற்கு ஆழத்தைப் போல் 5 மடங்கு சங்கிலி விட வேண்டும். 8 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டர் என்றால் சரி. சாண்டோரினியின் எரிமலை வாய்க்குள் ஆழம் 300 மீட்டரைத் தாண்டுகிறது, பாறை கரையிலிருந்தே செங்குத்தாக இறங்குகிறது. படத்தில் பார்க்கும் வெள்ளை வீடுகளுக்குக் கீழே பெரும்பாலும் நங்கூரம் போடவே முடியாது. தென்கரையின் சிறிய விலிஹாதா துறையில் இடம் கிடைத்தால்தான் உண்டு.

ஜூலை, ஆகஸ்டில் போகிறீர்கள் என்றால் என் பரிந்துரை ஏதென்ஸை ஒட்டிய சாரோனிக் வளைகுடாவின் தீவுகள்: ஏஜினா, போரோஸ், ஹைட்ரா. அங்கும் மெல்டெமி வீசும், ஆனால் வடக்கே ஏதென்ஸ் இருக்கும் அட்டிக்கா நிலப்பகுதி இருப்பதால் பெரிய அலை எழக் கடல்பரப்பு போதாது. பாரோஸ், சாண்டோரினி அடங்கிய சைக்ளேட்ஸ் தீவுகள்தான் வேண்டும் என்றால், அலிமோஸுக்குப் பதில் கிழக்குக் கரையின் லாவ்ரியோவில் படகை எடுங்கள். சூனியோ முனையைச் சுற்றும் வேலை மிச்சம். முதலில் வடக்கே ஏறி, கடைசி நாட்களைக் காற்று பக்கவாட்டில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாவது சும்மா விடுங்கள், காற்று அவற்றை எடுத்துக்கொள்ளும். கிரேக்கத்தில் படகை நீங்களே ஓட்டச் சான்றிதழும், துணைக்கு அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநரையும் சேர்த்து அமர்த்தலாம். முதல் தடவை என்றால் அமர்த்திவிடுவதே நல்லது.

மேற்கே அயோனியன் கடல் இன்னும் இதமானது. லெஃப்காடா, இத்தாக்கா பக்கம் கோடையில் வடமேற்கிலிருந்து வரும் மைஸ்ட்ரோ காற்றுக்குக் கடற்காற்று கைகொடுக்கிறது. அதனால் பெரும்பாலும் மதியம் எழுந்து, பொழுது சாயும்போது அடங்கிவிடும். காலை 6 மணிக்கு எஞ்சினைப் போட்டு 5 நாட்டில் கிளம்பினால், காற்று வலுப்பதற்குள் வடக்கே 30 கடல் மைல் ஏறிவிடலாம்.