டிரைவர் என்றால் இயக்கி, ஓட்டுநர் இல்லை

பிரிண்டரைச் செருகியும் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் கடையில் சொல்லும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "டிரைவர் போடணும்."

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் மாடு ஓட்டுபவரைக் குறித்தது. வண்டியும் காரும் பின்னால் வந்தவை. நம் 'ஓட்டு'ம் அப்படித்தான், ஆட்டையும் ஓட்டுகிறோம், பஸ்ஸையும் ஓட்டுகிறோம். மின்னணுவியலில் மோட்டாருக்கோ எல்இடி விளக்குக்கோ வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுத்து இயங்க வைக்கும் சுற்றுக்கும் டிரைவர் என்றே பெயர். கணினியில் ஒரு சாதனத்தை இயங்க வைக்கும் மென்பொருளும் அதே பெயரை எடுத்துக்கொண்டது.

தமிழில் 'இயக்கி'. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை, அதோடு 'இ' விகுதி சேர்ந்தால் இயக்கி, ஒலிபெருக்கி மாதிரி. 'அச்சுப்பொறி ஓட்டுநர்' என்று எழுதினால் படிப்பவருக்கு லாரிதான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம். ஹார்ட் டிரைவின் டிரைவ் வேறு, அதற்கு 'இயக்ககம்' என்ற சொல் இருக்கிறது. தென்மாவட்டங்களின் இசக்கி அம்மன் பெயருக்கு மூலமான 'இயக்கி'யும் வேறு, அது யட்சியிலிருந்து வந்தது.

ஆனால் வேலையைப் பார்த்தால் இயக்கி ஒரு துபாஷி. விண்டோஸ் போன்ற இயங்குதளம் 'இதை அச்சடி' என்று பொதுவாகத்தான் சொல்லும், அதை அந்தக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுப்பது இயக்கி. எந்தச் சாதனத்துக்கு எந்த இயக்கி என்று எப்படித் தெரியும்? யூஎஸ்பியில் செருகியதும் கணினி முதலில் 'நீ யார்' என்று கேட்கும், சாதனம் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டைச் சொல்லும். உதாரணமாக, சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எண் 0403, யூஎஸ்பியை சீரியல் இணைப்பாக மாற்றும் அதன் பிரபலமான சிப்பின் எண் 6001. இந்த ஜோடிக்குப் பொருந்தும் இயக்கியைத்தான் விண்டோஸ் தேடுகிறது. 2014-இல் அந்த நிறுவனத்தின் புதிய இயக்கி ஒன்று, விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்து, போலி சிப்புகளின் பொருள் எண்ணை 0 என்று மாற்றி எழுதிவிட்டது. சிப் கெடவில்லை, பெயர்தான் போனது, ஆனால் பொருந்தும் இயக்கி இல்லாததால் கணினிக்கு அது யாரோ. தெரியாமல் போலி சிப் வாங்கியவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

ஆகவே 'அடையாளம் காணவில்லை' என்பது மூன்று வேறு கோளாறுகளாக இருக்கலாம். சாதனம் தன் எண்ணைச் சொல்லிவிட்டது, துபாஷி மட்டும் இல்லை என்றால் விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வரும், திறந்து பார்த்தால் பிழை எண் 28, அப்போது இயக்கியை நிறுவினால் சரியாகிவிடும். பிழை எண் 43 என்றால் சாதனமே ஏதோ கோளாறு என்று சொல்லியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது, இதற்கு வயரும் காரணமாக இருக்கலாம், இயக்கியும் காரணமாக இருக்கலாம். செருகியும் பட்டியலில் எந்த அசைவும் இல்லையா, அப்போது எந்த இயக்கியைப் போட்டும் பயனில்லை, பேச்சே தொடங்கவில்லை. கையில் இருப்பது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம், அதில் தகவலுக்கான வயர்களே கிடையாது, முதலில் வேறு கேபிள், அப்புறம் வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள்.