அம்மீட்டர்: மின்னோட்டமானி என்ற சொல் காட்டும் வழி

புல்லட் ஓட்டியவர்களுக்கு இந்தக் கருவியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1950களின் நடுப்பகுதியிலிருந்து சென்னைத் திருவொற்றியூரில் உருவான அந்த வண்டியின் முகப்பில், ஸ்பீடாமீட்டருக்கு அருகே, நாணயம்போல ஒரு சிறு வட்டம் இருக்கும். நடுவில் சுழி, ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. இரவில் விளக்கைப் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் முள் கழித்தல் பக்கம் சாயும். ஆக்சிலேட்டரைத் திருகினால் கூட்டல் பக்கம் ஏறும். அதுதான் அம்மீட்டர்.

1970கள் வரை வந்த கார்கள் பலவற்றிலும் இந்தக் கருவி இருந்தது. எஞ்சின் சுழற்சியிலிருந்து மின்சாரம் தரும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைக் கூடுதல் வலுவோடு செய்யும் ஆல்டர்னேட்டரை மாட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. ஏன் என்பதற்கான விடை இதன் பெயரிலேயே இருக்கிறது. மின்னோட்டமானி என்ற தமிழ்ப் பெயரில் இன்னும் தெளிவாக இருக்கிறது.

‘அம்’ என்பது அம்பியரின் தலைப்பகுதி. பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே மரீ அம்பியரின் (1775–1836) பெயரை மின்னோட்டத்தின் அலகுக்குச் சூட்டியது 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு. ‘மீட்டர்’ கிரேக்கத்தின் ‘மெட்ரான்’, அளவு. நம் ‘மானி’ வடமொழி ‘மானம்’ என்பதிலிருந்து வந்தது, அதற்கும் அளவு என்றே பொருள். மொழியியலாளர்கள் இவ்விரண்டையும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேருக்குக் கொண்டுபோகிறார்கள். ஆக, மீட்டரை மானி என்று பெயர்த்தவர்கள் அறிந்தோ அறியாமலோ உறவுக்காரச் சொல்லையே எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அம்மீட்டர் என்ற பெயரில் அளக்கப்படும் பொருள் ஒரு மனிதரின் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘அம்பியர்மானி’யிலும் அப்படியே. ‘மின்னோட்டமானி’ பொருளை நேராகச் சொல்லிவிடுகிறது. மின் + ஓட்டம்: தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரும்போது இரட்டித்து மின்னோட்டம் ஆயிற்று. ஆற்றோட்டம், இரத்த ஓட்டம் என்று பழகிய நமக்கு ஓட்டம் என்றதும் ஒரு பாதை கண்ணில் தெரியும். ஓட்டத்தை அளக்க வேண்டுமானால் அது ஓடும் பாதையிலேயே நிற்க வேண்டும். கார் அம்மீட்டர் செய்வதும் அதையே. பேட்டரிக்கும் காரின் மற்ற மின்கருவிகளுக்கும் இடையே போகும் கம்பியை வெட்டி, அந்த இடைவெளியில் இதைக் கோத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியர் மட்டும் தனிப் பாதையில் போய்விடும்.

இதன் உள்ளே இருப்பது எளிய அமைப்புதான். தடித்த பித்தளைப் பட்டை ஒன்று, அதன் அருகே காந்தத்துடன் ஒரு முள். மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் திசைகாட்டி முள் திரும்புகிறது என்று 1820இல் டென்மார்க் அறிவியலாளர் எர்ஸ்டெட் கண்டது எதுவோ, அதுவே டேஷ்போர்டில் நடக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைனமோ மொத்தம் எவ்வளவு தருகிறது என்று இந்த முள் சொல்லாது. பேட்டரிக்குள் போவதையும் அதிலிருந்து வெளியேறுவதையும்தான் சொல்லும். கூட்டல் பக்கம் மின்னேற்றம், கழித்தல் பக்கம் மின்னிறக்கம்.

நண்பர் ஒருவரின் பழைய கார் டேஷ்போர்டைச் சென்ற ஆண்டு கழற்றினோம். அம்மீட்டரின் பின்னால் இரண்டு திருகாணிகள். ஒன்றின் நட்டு தளர்ந்து, விரலால் சுற்றினாலே சுழன்றது. அதில் மாட்டியிருந்த கம்பியின் உறை இரண்டு அங்குல நீளத்துக்குப் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. ஒரு பட்டறையில் ஆல்டர்னேட்டரை மாற்றிக்கொடுத்திருந்தார்கள், கம்பியை மாற்றவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நடுக்கம் வரும். பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச அளவு 22 அம்பியர். பின்னர் வந்த 17ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 36 அம்பியர் தரும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அதே கம்பியில் சூடு இரண்டரை மடங்குக்கும் மேல். தளர்ந்த நட்டில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 30 அம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 45 வாட் வெப்பம் பிறக்கும். வீட்டில் ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்னே பெரும்பாலும் 25 வாட்தான்.

அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்கள் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. 1960இல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான உறுப்பாகக் கொடுத்த நிறுவனம் அது. ஆனால் மின்னோட்டம் எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரில் உள்ள பிளாஸ்டிக் இணைப்பான் வழியாக உள்ளே வந்து, அம்மீட்டரைக் கடந்து, அதே இணைப்பான் வழியாகத் திரும்பியது. ஆண்டுகள் போகப் போக இணைப்பானின் தகடுகள் துருவேறிச் சூடாகி, பிளாஸ்டிக் உருகிய கார்கள் ஏராளம்.

தீர்வு நேரானது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த கம்பி ஒன்றை நேராக இழுக்க வேண்டும். 36 அம்பியருக்கும் குறுகிய தூரத்துக்கும் 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போதும். அந்தக் கம்பி தாங்கும் அளவுக்கு ஒரு மின்னுருகியை (ஃபியூஸ்) பேட்டரியின் அருகிலேயே வைக்க வேண்டும். கம்பி எங்காவது உரசி காரின் உலோக உடலைத் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டப்போவது பேட்டரிதான். அம்மீட்டரில் இருந்த இரண்டு கம்பிகளையும் கழற்றி ஒன்றாகச் சேர்த்து உறையிட்டுவிடலாம். இந்த வேலையைத் தொடுமுன் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். சாவியை அணைத்தாலும் பெரும்பாலான பழைய கார்களில் அம்மீட்டரின் திருகாணிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

காலியான இடத்துக்கு வருவது வோல்ட்மீட்டர், தமிழில் மின்னழுத்தமானி. இங்கேயும் சொல்லே வழி சொல்கிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் நீரோட்டத்தை அளக்கக் குழாயை வெட்டிக் கருவியைக் கோக்க வேண்டும். அழுத்தத்தை அளக்கப் பக்கவாட்டில் ஒரு சிறு துளை போதும். மின்னழுத்தமானி பாதையை மறிப்பதில்லை, ஓரமாக நின்று பார்க்கிறது. மெல்லிய கம்பி ஒன்றும் சிறு மின்னுருகியும் போதும். எஞ்சின் ஓயும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை நின்றால் மின்னேற்றம் சரி.

ஆல்டர்னேட்டருக்குத் தமிழ் தேடும்போது ஒரு தடுமாற்றம் நேர்கிறது. மாறி மாறி வருவதைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது என்பதால் சிலர் மின்மாற்றி என்று எழுதிவிடுகிறார்கள். அது டிரான்ஸ்ஃபார்மருக்கு உரிய சொல், தெருமுனையில் நிற்பது. ஆல்டர்னேட்டர் மாறுதிசை மின்னோட்டத்தைப் பிறப்பித்து, தன்னுள்ளேயே டையோடுகளால் ஒரே திசையில் ஓடும்படி நேராக்கித் தருகிறது. மாறுமின்னாக்கி என்பதே எனக்குப் பொருந்துகிறது. டைனமோவை மின்னாக்கி என்றால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதும் விளங்கும். மின்னோட்டமானியை ‘மின்மானி’ என்று சுருக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். ஓட்டம் போனால் அந்தச் சொல்லின் உயிரே போய்விடும். வீட்டில் யூனிட் எண்ணும் மீட்டரோ என்று குழம்பவும் இடமாகும்.

நண்பர் அந்தப் பழைய வட்டத்தை இழக்க மனமில்லாமல், கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே வோல்ட்மீட்டரின் இயக்கப்பகுதியைப் பொருத்தினார். தட்டில் அச்சாகியிருந்த ‘ஆம்ப்ஸ்’ என்ற எழுத்துகளை மட்டும் அழித்து, ‘வோல்ட்’ என்று எழுதச் சொன்னேன். அடுத்து அந்தக் காரைத் திறக்கப்போகிறவர் அதன் பெயரைப் பார்த்துத்தானே கம்பியைத் தேடுவார்?